ஏப்ரல் மதியத்தில் இரண்டு மீட்டர்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை எல்லோரிடமும் சொல்லிவிடுவேன், கேட்காதவர்களிடமும். அப்பா ஆம்பூரில் ஒரு டேனரியில் தோல் பதப்படுத்தும் டிரம் ஓட்டினார். அம்மா அதே டேனரியில் ஃபினிஷிங் பகுதியில் இருந்தாள். தயாரான தோல்களை அளவு மிஷினுக்குத் தூக்கிக் கொடுப்பது அவள் வேலை. இரண்டு பேரும் சம்பளத்துக்குக் கட்டைவிரல் வைத்தார்கள். நான் பத்தாவது படிக்கும்போதே கையெழுத்துப் போட்டு, பெயருக்குக் கீழே ஒரு கோடும் இழுத்தேன். அந்தக் கோட்டுக்குப் பொருள் எதுவும் இல்லை. ஆனால் அது இல்லாத கையெழுத்து எனக்கு அரைகுறையாகத் தோன்றும்.

எண்பதுகளின் பின்பாதியில் வேலூர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ சேர்ந்தேன். அப்பா சேர்க்கும்போதே சொல்லிவிட்டார்.

"மூணு வருஷம். படி. மூணு வருஷத்துல முடிச்சிட்டு வா."

அப்பாவின் கணக்கில் மூன்று என்பது மூன்றுதான். அரியர் வைத்து, மறுபடி அக்டோபரில் எழுதி, இழுத்துக்கொண்டு போவதெல்லாம் அதில் கிடையாது. எங்கள் தெருவில் படிப்பு நின்றுபோன பெண்கள் எல்லோரும் ஷூ கம்பெனியில் மேல்பாகத் தோல் தைத்தார்கள். சூப்பர்வைசர் எங்கள் தெருக்காரர். மூன்றாம் வருடம் பொங்கல் முடிந்ததும் அப்பா அவரிடம் போய் என் பெயரையும் சொல்லி வைத்திருந்தார். தேறினால் ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸ், அதற்கான கடிதம் கையில் இருந்தது. தேறாவிட்டால் ஜூன் மாதம் தையல் வரிசையில் ஓர் இடம் எனக்காகக் காலியாக இருக்கும். ஒருவகையில் அப்பா என் எதிர்காலத்தை இரண்டு பக்கமும் பத்திரப்படுத்தியிருந்தார்.

தேறுவதற்குக் கடைசியில் மிச்சம் இருந்தது பிராஜெக்ட். ஏதாவது ஒரு கருவி செய்து, அறிக்கை எழுதி, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் அதை வேலை செய்ய வைத்துக் காட்ட வேண்டும். வேலை செய்யாத கருவிக்கு மார்க் கிடையாது.

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் எமர்ஜென்சி விளக்கு செய்தார்கள். செய்தார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. மெட்ராஸில் ஒரு கடையில் விளக்கும் அறிக்கையும் சேர்த்தே கிடைத்தது, பெயர் எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டிருப்பார்கள். எங்கள் லெக்சரருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. விளக்கு என்றால் எரியும், தேர்வாளருக்கும் புரியும் என்றார்.

நான் தூரம் அளக்கும் கருவி செய்யப் போவதாகச் சொன்னேன். காதுக்குக் கேட்காத உயர்ந்த ஒலியை மூடி போன்ற ஒரு சிறிய பாகம் அனுப்பும். அது எதிரே உள்ள பொருளில் பட்டுத் திரும்பி வரும்போது இன்னொரு மூடி பிடித்துக்கொள்ளும். போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்று மைக்ரோகன்ட்ரோலர் எண்ணி, தூரத்தைச் சிவப்பு எண்களில் காட்டும். வௌவால் செய்கிற வேலைதான்.

"மைக்ரோகன்ட்ரோலருக்கு எங்கம்மா போவே?" என்றார் லெக்சரர்.

"பீரோவுல ஒண்ணு இருக்குது சார்."

இருந்தது. யாரோ பயிற்சிக்குப் போனபோது கொடுத்து அனுப்பிய போர்டு. இரண்டு வருடமாக உறை பிரியாமல் ஸ்டீல் பீரோவில் இருந்தது.

"அது ஸ்டாக்ல இருக்குது. வெளிய எடுத்து கெட்டுப்போச்சின்னா யாரு பதில் சொல்றது?"

"உள்ளயே இருந்தாலும் கெட்டுப்போகும் சார்."

அவர் என்னைப் பார்த்தார். ஐந்து பெண்கள் இருந்த வகுப்பில் பதில் பேசுகிற பெண் என்று எனக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. ஒரு வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தார். அதிலும் கோடு போட்டுக் கையெழுத்திட்டேன்.

ஒலி மூடிகள் ஆம்பூரில் கிடைக்காது. ஒரு சனிக்கிழமை அம்மாவோடு ரயிலேறி மெட்ராஸ் ரிச்சி தெருவுக்குப் போனேன். நான்கு கடை ஏறி இறங்கி, ஐந்தாவது கடையில் கிடைத்தது. கோட்டுப் பொத்தான் அளவில் இரண்டு தகர மூடிகள். கடைக்காரர் அவற்றைப் பழைய செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தார். அம்மா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள்.

"இதுக்கா ரெண்டு பேரு டிக்கெட்டு?"

"ஆமாம்மா."

"கொஞ்சம் பெருசா குடுக்கச் சொல்லேன்."

கடைக்காரர் சிரிக்கவில்லை. பெரியது வேறு வேலைக்கு என்று அம்மாவுக்குப் பொறுமையாக விளக்கினார். அம்மாவும் தலையாட்டி ஏற்றுக்கொண்டாள். நான் விளக்கியிருந்தால் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டாள்.

கணக்கு எளிது. ஒலியின் வேகம் விநாடிக்கு முந்நூற்று முப்பத்திரண்டு மீட்டர். இது எனக்குப் பத்தாவதிலிருந்தே தெரியும். ஒரு மதிப்பெண் கேள்வி. நோட்ஸில் இருபத்தேழாவது கேள்வி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த வேகத்தில் ஒலி ஒரு சென்டிமீட்டர் போய்த் திரும்ப அறுபது மைக்ரோ விநாடி ஆகும். எனவே எண்ணிய நேரத்தை அறுபதால் வகுத்தால் தூரம் சென்டிமீட்டரில் வரும். புரோகிராமை எழுதி, அதில் 60 என்ற எண்ணையும் சேர்த்து, சிப்பில் பதித்தேன். இப்படிப் பதிப்பதை 'எரிப்பது' என்றுதான் லேபில் சொல்வோம்.

ஜனவரியில் கருவி உயிர் பெற்றது. காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன், விடிந்தும் விடியாத குளிரில், வீட்டுக்குள் வைத்துப் பார்த்தேன். எதிரே வைக்கத் தட்டையான பொருள் ஒன்று வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் எது வேண்டுமானாலும் முதலில் தோலில் கிடைக்குமா என்று பார்ப்போம். கதவுக் கீல் தோல், தண்ணீர்க் குடத்துக்கு அடியில் தோல், என் முதல் பள்ளிக்கூடப் பை தோல். அம்மா கழித்துப் போட்ட தோல் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். செருப்பு அடிப்பாகத்துக்கு ஆகிற மாதிரி கெட்டித் தோல். அதை ஒரு மரச் சட்டத்தில் ஆணி அடித்து நிறுத்தினேன். அம்மாவின் அளவு நாடாவை வைத்துச் சரியாக இரண்டு மீட்டரில் சட்டத்தை வைத்தேன்.

கருவி 200 என்று காட்டியது. மறுநாள் 199. அதற்கு மறுநாள் 200. தெருவில் யாரையாவது கூப்பிட்டுக் காட்டலாம் என்று பார்த்தேன். எல்லோரும் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சென்டிமீட்டருக்குள் துல்லியம் என்று அறிக்கையில் எழுதினேன். அறிக்கை மூன்று பிரதி, காலிகோ அட்டை, மேலே தங்க எழுத்து. பள்ளிகொண்டா தாண்டும் வரை பஸ்ஸில் அதை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் அது கல்யாணப் பத்திரிகை மாதிரிப் புத்தகமா என்று கேட்டார்கள். பிராஜெக்ட் என்றேன். நல்லது என்றார்கள்.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டு, முதல்முறையாகப் பகலில் கருவியைப் போட்டேன். 193.

மறுபடி போட்டேன். 193. நாடாவை வைத்து அளந்தேன். சட்டம் இரண்டு மீட்டரில்தான் நின்றது. ஏழு சென்டிமீட்டர் காணவில்லை.

அம்மா சுவரோரம் படுத்திருந்தாள். கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"இன்னாடி ஆச்சி?"

"காலைல இருநூறு காட்டிச்சி. இப்ப கம்மியா காட்டுது."

"மதியத்துல கம்மியாதான் காட்டும்."

எங்கள் ஊரில் இது யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லாத விஷயம். தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள். காலை ஈரத்தில் தோல் விரிந்திருக்கும், வெயில் ஏற ஏறச் சுருங்கும். அதே தோல் காலையில் ஓர் அளவு, மதியம் ஓர் அளவு. விற்கிறவர்கள் காலையிலேயே அளந்து முடிக்கப் பார்ப்பார்கள். வாங்க வந்த ஏஜெண்டுகள் டீ குடித்து, பேப்பர் படித்து, மறுபடி டீ குடித்து மதியம் வரை தள்ளுவார்கள். இரண்டு பக்கமும் நாணயமானவர்கள்தான். நேரத்தில்தான் தகராறு. அளவு மிஷின் பக்கத்தில் பதினாறு வருடம் நின்றவள் என் அம்மா.

"தோலு இழுத்துக்கிச்சி. அதான். வேற ஒண்ணுமில்ல," என்றாள்.

நான் நம்பினேன். ஆணி அடித்த தோல் வெயிலில் இழுத்துக்கொண்டு முன்னால் புடைக்கிறது, அதனால் தூரம் குறைகிறது என்று காரணமும் கண்டுபிடித்தேன். சுருங்குகிற தோல் எப்படி ஏழு சென்டிமீட்டர் புடைக்கும் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. மூன்று வருடம் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள்.

அம்மா தோலுக்குக் கடலை எண்ணெய் தடவினாள். "இப்ப பாரு."

194. அப்பா வந்து பார்த்துவிட்டு, எண்ணெய் இறங்க நேரம் ஆகும் என்றார். சாயங்காலம் ஐந்தரைக்குப் பார்த்தேன், 196. இரவு சாப்பாட்டுக்கு முன் 197. மறுநாள் விடியற்காலையில் 199.

"இறங்கிச்சி பார்," என்றார் அப்பா.

மூன்று வாரம் மூன்று பேரும் அந்தத் தோலுக்கு வைத்தியம் பார்த்தோம். ஆணியைத் தளர்த்தினோம். ஈரத் துணி போர்த்தினோம். அப்பா டிரம் பகுதியிலிருந்து வேறு துண்டு கொண்டுவந்தார், அது இன்னும் நல்ல மாட்டுத் தோல் என்றார். அதுவும் மதியத்தில் குறைந்தது. ஒவ்வொரு வைத்தியமும் மதியம் தோற்றுச் சாயங்காலம் ஜெயித்தது. தேர்வு நடக்கும் லேபில் எதிரே தோல் இருக்காது, சுண்ணாம்பு அடித்த சுவர்தான் இருக்கும், சுவர் சுருங்காது என்று நான் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

ஏப்ரலில், தேர்வுக்கு மூன்று நாள் முன்பு, ஒத்திகைக்குக் கருவியை லேபுக்குக் கொண்டுபோனேன். எங்கள் லேபுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மதியத்தில் உள்ளே நின்றால் உச்சி மண்டையில் இஸ்திரிப் பெட்டி வைத்ததுபோல் இருக்கும். ஸ்டீல் டேப்பைப் பிடித்து, சுவரிலிருந்து இரண்டு மீட்டரில் கருவியை வைத்தேன்.

187.

பக்கத்து மேசையில் எமர்ஜென்சி விளக்குக்கு வயர் சுற்றிக்கொண்டிருந்த என் தோழி எட்டிப் பார்த்தாள்.

"எவ்ளோ வரணும்?"

"இருநூறு."

"பரவால்லடி, கிட்டதான இருக்குது."

முதலில், பையில் கொண்டுவந்திருந்த அம்மாவின் நாடாவை எடுத்து ஸ்டீல் டேப்போடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். நாடாவின் இருநூறு, டேப்பின் இருநூற்றைந்தில் இருந்தது. வருடக்கணக்கில் ஈரத் தோலை இழுத்து இழுத்து அளந்து நாடா நீண்டிருந்தது. ஜனவரிக் காலைகளில் என் கருவியும் அந்த நாடாவும் ஒன்றுபோலவே தப்புச் சொல்லியிருந்தன. இரண்டு பேர் ஒரே மாதிரிச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நான் நம்பியிருந்தேன்.

நாடா ஒரு பங்கு. மீதிக்குக் காரணம் தெரியவில்லை. சுவருக்கு எண்ணெய் தடவ முடியாது.

நூலகத்துக்குப் போய், எதை எதையோ புரட்டிவிட்டு, கடைசியில் வேறு வழியில்லாமல் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைக் கேட்டேன். நூலகர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். ஒலி என்ற பாடத்தில் அந்த எண் இருந்தது. 332. அதற்கு முன்னால் நான் இதுவரை பார்க்காத இரண்டு சொற்கள் இருந்தன: பூஜ்யம் டிகிரியில். அதற்கு அடுத்த வரியில், வெப்பம் ஏற ஏற வேகம் கூடும் என்றும் எழுதியிருந்தது.

நாங்கள் பத்தாவதில் புத்தகம் படிக்கவில்லை. நோட்ஸ் படித்தோம். ஒரு மதிப்பெண் கேள்விக்கு ஒரு எண் போதும் என்று நோட்ஸ் போட்டவர் மற்றதை விட்டுவிட்டார். அந்த எண்ணுக்கு எனக்கு முழு மார்க் கிடைத்தது. பூஜ்யம் டிகிரி வெப்பத்தை வேலூர்ப் பக்கம் ஐஸ் பெட்டிக்குள்தான் பார்க்க முடியும்.

அம்மா சொன்ன வெயில் சரி. சுருங்கியது தோல் இல்லை. சூட்டில் ஒலி வேகமாகப் போய் வேகமாகத் திரும்பியது. கருவி அதைத் தூரம் குறைவு என்று எடுத்துக்கொண்டது. லேபின் மதியச் சூட்டை வெப்பமானியில் பார்த்து, நாற்பத்திரண்டு டிகிரிக்குக் கணக்குப் போட்டேன். வேகம் முந்நூற்று ஐம்பத்தேழு; சென்டிமீட்டருக்கு அறுபது மைக்ரோ விநாடி இல்லை, ஐம்பத்தாறு. சிப்பில் ஓர் எண்ணை மாற்றினால் போதும்.

சிப்பில் எரித்ததை மாற்றுவது சுலபம் இல்லை. அதன் முதுகில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதன் வழியாக ஒரு விசேஷ விளக்கின் ஒளியைக் காட்டினால் எல்லாம் அழியும், பிறகு புதிதாக எரிக்கலாம். எங்கள் லேபில் அந்த விளக்கு போன வருடமே ஃபியூஸ் போய்விட்டது. அதனால் எல்லோரும் சிப்பை மொட்டைமாடியில் வெயிலில் காயவைப்பார்கள். வெயிலிலும் அழியும், ஒரு வாரம் ஆகும். வடகத்துக்குக் காவல் இருப்பதுபோல ஒரு பையன் காக்காய் விரட்டிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். எனக்கு ஒரு வாரம் இல்லை. புதுச் சிப் வாங்க மெட்ராஸ் போக வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அந்த வாரம் ஷிப்மெண்ட். லீவு கேட்டால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

லேப் டெக்னீஷியனிடம் போய் நின்றேன்.

"அழிக்காம எரிக்க முடியாதா சார்?"

"முடியாது. ரூல் அது."

"யாரு போட்ட ரூல்?"

"தெரியாது. மெஷின் பக்கத்துல எழுதி ஒட்டியிருக்குது பார்."

ஒட்டியிருந்தது. அவரே எழுதியதுதான்.

நான் மேசையில் உட்கார்ந்து யோசித்தேன். அழித்த சிப்பில் எல்லா இடத்திலும் ஒன்று இருக்கும். எரிப்பது என்றால், வேண்டிய இடங்களில் ஒன்றைப் பூஜ்யம் ஆக்குவது. பூஜ்யத்தைத் திரும்ப ஒன்றாக்கத்தான் அந்த விளக்கு வேண்டும். தோல் மாதிரிதான். வெட்டிக்கொண்டே போகலாம், வெட்டியதை ஒட்ட முடியாது. எனவே பழைய எண்ணிலிருந்து புது எண்ணுக்குப் போக வெட்டினால் மட்டும் போதும் என்றால், அழிக்கவே வேண்டாம்.

இரண்டு எண்களையும் மைக்ரோகன்ட்ரோலருக்குத் தெரிந்த மாதிரி ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினேன்.

அறுபது: 00111100
ஐம்பத்தாறு: 00111000

ஒரே ஒரு ஒன்றைப் பூஜ்யமாக்கினால் போதும். ஐம்பத்தேழாக இருந்தால் நான் ஷூ கம்பெனிக்குப் போயிருப்பேன். மூன்று தடவை சரிபார்த்துவிட்டுத் தாளை டெக்னீஷியனிடம் நீட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நான் டீ குடிச்சிட்டு வர்றேன். மெஷின் சிப்பு காலியா இல்லன்னு கத்தும். கத்தட்டும்," என்றார்.

மெஷின் கத்தியது. நான் எரித்தேன். சிப்பை போர்டில் செருகி இரண்டு மீட்டருக்கு வைத்தேன். 200.

ஆனால் மறுநாள் காலை பத்து மணிக்கு அதே கருவி அதே இடத்தில் 203 காட்டியது. லேப் இன்னும் சூடேறவில்லை. பன்னிரண்டு மணிக்கு 201. இரண்டு மணிக்கு மேல்தான் 200. என் கருவி ஏப்ரல் மாதத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழ், மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை துல்லியமானது. அறிக்கையில் ஒரு சென்டிமீட்டர் என்று தங்க எழுத்து அட்டைக்குள் எழுதியாகிவிட்டது, லெக்சரர் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. வெப்பத்துக்கு ஏற்றபடி எண்ணை மாற்றிக்கொள்ளும் புரோகிராம் எழுதலாம். அதற்கு வெட்டினால் போதாது.

தேர்வில் என் முறை பத்து மணிக்கு. இரண்டரைக்கு முறை இருந்த பையனிடம் போய் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு தேர்வாளர் சிடுசிடுப்பார் என்று எல்லோருக்கும் பயம். அவன் என்னை ரத்த தானம் செய்ய வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"நெஜமாவா? அப்புறம் மாத்திப் பேசக் கூடாது."

"மாட்டேன்."

வாங்க வருகிற ஏஜெண்டுகளைப் பற்றி டேனரியில் என்னென்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டு நாளும் அதை நான் நினைக்காமல் பார்த்துக்கொண்டேன்.

தேர்வாளர் வேறு ஊர்க்காரர். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர் என் கருவியைப் பார்த்ததும் கொஞ்சம் நிமிர்ந்தார். காலையிலிருந்து பதினோரு விளக்குகள் பார்த்திருந்தார்.

ஸ்டீல் டேப்பை அவரே பிடித்து, இரண்டு மீட்டரில் வைக்கச் சொன்னார். 200. ஒன்றரை மீட்டர். 150. கையை நடுவில் நீட்டினார். 62. டேப்பை வைத்துப் பார்த்தார். சரி.

"நல்லா இருக்கும்மா," என்றார். லெக்சரர் பின்னால் நின்று, தானே பீரோவிலிருந்து எடுத்துச் செய்ததுபோல் புன்னகைத்தார். தேர்வாளர் மார்க் தாளை எடுத்தார். பேனா மூடியைத் திறந்துகொண்டே, சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"ஒலியோட வேகம் எவ்ளோ எடுத்துக்கிட்டே?"

"முந்நூத்தி ஐம்பத்தேழு சார்."

"தப்பு. முந்நூத்தி முப்பத்திரண்டு. பத்தாங்கிளாஸ்லயே வருமே." கோபமாகச் சொல்லவில்லை. பேனா தாளில் இறங்கிக்கொண்டிருந்தது.

ஆமாம் சார், மறந்துட்டேன் என்று சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். கருவி வேலை செய்தது, மார்க் தாள் திறந்திருந்தது, லெக்சரர் புன்னகைத்துக்கொண்டிருந்தார். அந்த எண்ணுக்கு நான் முழு மார்க் வாங்கியவள். அதே எண்ணை எனக்கே சொல்லி அவர் என்னைத் திருத்துவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

"அது பூஜ்யம் டிகிரியில சார். இங்க நாற்பத்திரண்டு."

பேனா நின்றது. ஃபிசிக்ஸ் லேபிலிருந்து இரவல் வாங்கி மேசைக் காலில் கட்டியிருந்த வெப்பமானியைக் காட்டினேன். அவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். நாற்பத்திரண்டு. திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

"அப்ப டிசம்பர்ல இது இன்னா காட்டும்?"

லெக்சரரின் புன்னகை போய்விட்டது.

"ரெண்டு மீட்டருக்கு எட்டு சென்டிமீட்டர் ஜாஸ்தி காட்டும் சார்."

"இன்னைக்குக் காலைல?"

"மூணு."

அவர் அறிக்கையைப் புரட்டி அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தார். விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"இதுல ஒரு சென்டிமீட்டருக்குள்ளன்னு போட்டிருக்கியே."

"இந்த மாசம் மதியத்துக்கு சரி சார்."

அவர் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். தன் பட்டியலில் என் பெயர் பத்து மணிக்கு இருந்ததைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்த ஊரா நீ?"

"ஆம்பூர் சார்."

"ம்," என்றார். அந்த 'ம்' நீளமாக இருந்தது. தோல் வியாபாரம் அவருக்கும் கொஞ்சம் தெரியும்போல.

"மூணு பிரதியையும் எடு. இந்த வரிக்குக் கீழ எத்தனை டிகிரியில சரி, மத்த நேரத்துல எவ்ளோ தப்புன்னு எழுது. என் எதிர்லயே எழுது. கையெழுத்துப் போடு."

எழுதினேன். அச்சு எழுத்துக்குக் கீழே என் பேனா எழுத்து, மூன்று பிரதியிலும். நாற்பத்திரண்டு டிகிரியில் மட்டும் ஒரு சென்டிமீட்டருக்குள். முப்பத்து மூன்றில் மூன்று கூடுதல். இருபதில் எட்டுக் கூடுதல். காலிகோ அட்டைக்குள் மை கசிந்துவிடக் கூடாது என்று ஊதி ஊதிக் காயவைத்தேன். கையெழுத்துப் போட்டேன். கோடு போட இடம் இல்லை.

அவர் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, மார்க் தாளில் ஓர் எண்ணை எழுதினார். எதிரே நின்றபடி தலைகீழாகப் படித்தேன். எழுபத்தொன்று. அதற்கு மேலே விளக்குகள் எல்லாம் எண்பதில் இருந்தன. தேற ஐம்பது போதும்.

வெளியே வராண்டாவில் என் தோழி தன் விளக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அடுத்தது அவள்.

"இன்னாடி கேட்டாரு? இவ்ளோ நேரம்?"

"வெயில் எத்தனை டிகிரின்னு கேட்டாரு."

"நெஜமா?"

"நெஜமாதான்."

"எத்தனை?"

"நாற்பத்திரண்டு."

அவள் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு உள்ளே போனாள். அங்கே அவளிடம் என்ன கேட்டாரோ தெரியாது. ஐந்து நிமிடம் கழித்து, "நாற்பத்திரண்டு சார்," என்று அவள் தெளிவாகச் சொன்னது ஜன்னல் வழியாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்தபோது அப்பா ஷிப்டு முடிந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, முடிஞ்சிச்சா?"

"முடிஞ்சிதுப்பா. பாஸ்."

"சொன்னாங்களா?"

"இல்ல. ரிசல்ட் ஜூன்லதான் வரும். மார்க்கைப் பார்த்தேன்."

"காட்டினாங்களா?"

"காட்டல. எதிர்ல நின்னு தலைகீழா படிச்சேன்."

அப்பா சொம்பைக் கீழே வைத்தார்.

"தலைகீழா கூட படிக்க வருமா உனக்கு?"

"வரும்."

அவர் ஈரக் காலோடு செருப்பை மாட்டிக்கொண்டு ஷூ கம்பெனி சூப்பர்வைசர் வீட்டுக்குப் போனார். தையல் வரிசையில் எனக்கு வைத்திருந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டுத் திரும்பினார். ஜூன் வரை காத்திருக்கவில்லை.